மாஸ்டரின் கை

சலவைக் கடையில் அவளை எல்லாரும் நம்பரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். துணி வாங்கும் மேசை அவளுடையது. சட்டையோ கோட்டோ, எது வந்தாலும் காலரின் உள்பக்கம் நம்பர் எழுதிய துணித்துண்டை நாலு தையலில் பிடித்துவிட்டுத்தான் உள்ளே அனுப்புவாள். ஒரே நிறம், ஒரே அளவு என்று சீருடைகள் மூட்டை மூட்டையாக வந்தாலும் ஒருவர் உடை இன்னொருவருக்குப் போனதில்லை. புதிதாக வருகிறவர்களிடம் முதலாளி பெருமை அடித்துக்கொள்வார்.

"இரட்டைப் புள்ளைங்களத் துவைக்கப் போட்டாலும் நம்பரக்கா சரியா பிரிச்சுக் குடுத்துடும்."

"புள்ளைங்களுக்கு இஸ்திரி போட முடியாது முதலாளி. அதான் நான் வாங்கறதில்ல" என்பாள் அவள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவரும் பேச்சுக்காரர்தான். ஊரையே மேலே தூக்கிவிடுகிறேன், நான் மட்டும் குழிக்குள்ளேயே நிற்கிறேன் என்று யார் வீட்டுக்குப் போனாலும் ஒரு தடவை சொல்லிவிடுவார். அந்த லிஃப்ட் குழியிலிருந்து ஏறி வரும்போதுதான் ஒருநாள் அவருடைய இடது கால் படியைத் தேடித் தவறியது. மூளையில் ரத்தக்கசிவு. பிழைத்தார். கோலூன்றி நடக்கிற அளவுக்கு வீட்டுக்கும் வந்து சேர்ந்தார்.

வந்த சில நாட்களில், ஈரத்துண்டால் உடம்பைத் துடைத்துக்கொண்டிருந்தவள் அவருடைய இடது கையைத் தூக்கியபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அத விட்டுடு. அது என்னுது இல்ல."

வழக்கமான கிண்டல் என்று நினைத்தாள். "பின்ன யாருது? பக்கத்து வீட்டுக்காரருதா?"

"மாஸ்டரோடது" என்றார். சிரிக்கவில்லை. "பக்கத்துக் கட்டில்ல இருந்தாரே, அவரு. போகும்போது விட்டுட்டுப் போயிட்டாரு. ஸ்டியரிங் புடிச்ச கை. காய்ப்பு தெரியுது பாரு."

அவள் கையிலிருந்த துண்டு சொட்டிக்கொண்டே இருந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர் என்பதை அவள் இவரிடம் சொன்னதே இல்லை. அந்த மனிதர் செத்துப்போனதையும் சொன்னதில்லை.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரிடம் கேட்டாள். மூளையின் வலது பக்கத்தில் அடிபட்டவர்களில் சிலர் தங்கள் இடது பக்கத்தையே மறந்துவிடுவார்கள், கையைத் தன்னுடையது இல்லை என்று கூடச் சொல்வார்கள், போகப் போகக் குறையும் என்றார் அவர். அவளும் தலையாட்டினாள். ஆனால் தன்னுடையது இல்லை என்பது வேறு. இன்னாருடையது என்பது வேறு. அந்த இரண்டாவதை அவள் டாக்டரிடம் சொல்லவில்லை.

*

கசிவு வந்த அன்றைக்கு அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடி வருவதற்குள் முதல் ஸ்கேன் முடிந்திருந்தது. டாக்டர் இளவயதுக்காரர், பேசும்போது கையால் காற்றில் படம் போடுகிற பழக்கம் உள்ளவர்.

"ரத்தம் கசிஞ்சு உள்ள கட்டியா நிக்குதும்மா. முன்னெல்லாம் மண்டைய அகலமாத் தெறந்துதான் எடுக்கணும். இப்ப சின்னதா ஒரு துளை போட்டு, சுண்டு விரல் கனம்கூட இல்லாத குழாய விட்டு உறிஞ்சி எடுக்கற வழி இருக்கு. ஆனா அது எல்லாருக்கும் ஒத்துவராது."

"எங்க வீட்டுக்காரருக்கு?"

"அதப் படம்தான் சொல்லணும். கட்டி எந்த இடத்துல இருக்கு, எவ்வளவு இருக்கு, இன்னும் வளருதா. கசிவு நிக்காதப்ப குழாய விட்டா, இருக்கறதும் கெட்டுடும். மருந்து ஏத்தி ஒரு ஸ்கேன் எடுப்போம். அப்புறம் கொஞ்ச நேரம் விட்டு மறுபடி ஒண்ணு. கட்டி அதே அளவுல நின்னுதுன்னா இறங்கிடலாம். கட்டி நல்ல சைஸ்தான். பயப்படாதீங்க."

பயப்படாதீங்க என்றதும்தான் அவளுக்குப் பயம் வந்தது. மற்றதெல்லாம் காதோடு போயிற்று. படம்தான் சொல்லணும் என்பது மட்டும் உள்ளே இறங்கி உட்கார்ந்துகொண்டது.

தாழ்வாரத்து பெஞ்சில் இன்னொரு பெண் உட்கார்ந்திருந்தாள். நல்ல பருமன், கைகளை மடியில் ஒன்றின்மேல் ஒன்றாக அழுத்தி வைத்திருந்தாள். அவள் கணவருக்கும் அதேதான். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர், மாஸ்டர் என்றால் எல்லாருக்கும் தெரியும் என்றாள்.

"ஊருக்கே பிரேக் போடச் சொல்லிக் குடுத்த மனுஷன். அவருக்கு உள்ள பிரேக் புடிக்கலயே தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, தான் சொன்னது வேடிக்கையாக இருப்பது தெரிந்து பாதி சிரித்து, மீதியை அழுதாள்.

ஸ்கேன் அறையிலிருந்து ஒரு பெண் வந்து ஆளுக்கொரு பெரிய உறையைக் கொடுத்துவிட்டுப் போனாள். வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லித் தருகிற ஃபிலிம். உறையின் மேல் நோயாளியின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. பிரித்துப் பார்க்கலாமா என்று இருவரும் தயங்கிக்கொண்டிருக்கும்போது, தரை துடைக்கிறவர் நீளத் துடைப்பத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"கால எடுங்கம்மா, கால எடுங்க. வழுக்குச்சுன்னா நீங்களும் உள்ள போய்ப் படுக்கணும்."

இருவரும் வெடுக்கென்று எழுந்தார்கள். உறைகள் மடியிலிருந்து நழுவி, ஃபிலிம்கள் ஈரத்தரையில் சறுக்கிக்கொண்டு ஓடின. நம்பரக்காதான் குனிந்து பொறுக்கினாள். முந்தானையால் ஈரத்தை ஒற்றி, ஒன்றை மாஸ்டர் வீட்டம்மாவிடம் கொடுத்து, மற்றதைத் தான் வைத்துக்கொண்டாள்.

ஃபிலிம் வெளியே வந்ததுதான் வந்தது என்று இருவரும் ஜன்னலுக்குப் போய் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். கறுப்பில் வரிசை வரிசையாக மண்டை ஓடுகள். நம்பரக்கா கையில் இருந்ததில், நடுவில் ஒரு பயறு அளவுக்கு வெள்ளை. மாஸ்டர் வீட்டம்மாவின் கையில் இருந்ததில், ஒரு பக்கம் முழுக்க அடைத்துக்கொண்டு, உருக்கி ஊற்றிய மெழுகு போல.

"ஐயோ, இவ்வளவா" என்றாள் அந்த அம்மாள். ஃபிலிம் அவள் கையில் கடகடவென்று சத்தம் போட்டது.

"படத்துல எல்லாமே பெருசாத்தான்க்கா தெரியும்" என்று நம்பரக்கா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டே உள்ளுக்குள், நம்முடையது சின்னது, நல்லவேளை நம்முடையது சின்னது என்று சொல்லிக்கொண்டாள். அந்தத் தோளின் சூடு கையில் இருக்கும்போதே.

மறு ஸ்கேன் முடிந்து டாக்டர் வந்தார். மெக்கானிக்குக்குக் குழாய் போடலாம் என்றார். மாஸ்டர் வீட்டம்மாவைத் தனியே அழைத்துப் போய்ப் பேசினார். அவள் திரும்பி வந்து பெஞ்சில் உட்காரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். சின்னது பிழைக்கும், பெரியது பிழைக்காது. இரண்டு பேருக்கும் கணக்கு சரியாகத்தான் இருந்தது. நல்ல சைஸ் என்று டாக்டர் சொன்னது நம்பரக்காவுக்கு நினைவு வந்தபோது, கையெழுத்து வாங்குவதற்காகப் பெரிதாகச் சொல்லியிருப்பார் என்று விட்டுவிட்டாள். மாஸ்டர் அந்த வாரத்தைத் தாண்டவில்லை.

*

ஃபிலிம் இருந்த உறை அலமாரியின் பின்னால் அப்படியே கிடந்தது. கைக்குப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வருகிற பெண் கேட்டாள் என்று மகள்தான் அதை வெளியே எடுத்தாள். மகளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுக்க அடுத்தவர்களைச் சின்ன எழுத்து படிக்கச் சொல்கிறவள். ஃபிலிமின் மூலையைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, அப்பாவுக்கு எப்ப அறுபத்தொண்ணு ஆச்சு?" என்றாள்.

"என்னடி?"

"வயசு அறுபத்தொண்ணுன்னு போட்டிருக்கு. பேரும் அப்பா பேரு இல்ல. உறை மட்டும்தான் நம்முது." அவள் சிரித்துவிட்டாள். "நம்பரக்கா! மாத்திட்டியேம்மா! கடையில சொன்னா ஒருத்தரும் நம்பமாட்டாங்க."

நம்பரக்கா ஃபிலிமை வாங்கிப் பார்த்தாள். பயறு அளவு வெள்ளை. அது எப்போதுமே மாஸ்டருடையது. ஈரத்தரையில் குனிந்து பொறுக்கிய தன் கையை நினைத்துப் பார்த்தாள். வாழ்நாளில் ஒரு முறை, நம்பர் தைக்காமல் எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

"அட, மாறிப்போச்சு. விடும்மா" என்று மகள் வேலைக்குக் கிளம்பிவிட்டாள். அம்மாவின் மனதில் எது எதோடு ஒட்டிக்கொண்டது என்று அவளுக்குத் தெரியாது. படம்தான் சொல்லணும். படத்தை மாற்றி வைத்ததோ அவள். அப்படியானால் டாக்டர் சின்னப் படத்தை மெக்கானிக்குடையது என்று பார்த்துவிட்டு இவரிடம் வந்தாரா? குழாய் போடவேண்டியவர் மாஸ்டர்தானா? ஒருவருக்குத் தைத்ததை இன்னொருவருக்குப் போட்டு அனுப்பிவிட்டாளா?

"மாஸ்டர் வந்தாரா?" உள்ளேயிருந்து குரல் வந்தது. சாய்வு நாற்காலியில் இருந்த மெக்கானிக், வலது கையால் இடது கையைத் தூக்கி, கைப்பிடியில் விருந்தாளியை உட்கார வைப்பதுபோல வைத்தார். "எத்தன நாளைக்குத்தான் நாம வச்சிருக்கறது? அவருது அவருக்குப் போய்ச் சேர வேண்டாமா?"

அதன் பிறகு அந்தக் கை வீட்டில் தனியாக ஓர் ஆள் போல இருந்தது. அவள் அறையில் நுழைந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பாள். சில சமயம் விரல்கள் தாமாக மடங்கும்; நரம்பு இழுப்பு என்று பயிற்சிப் பெண் சொல்லியிருந்தாள். அவளுக்கு அது எதையோ பிடித்துத் திருப்புவதாகத்தான் தெரிந்தது. துடைக்கும்போது மற்ற கையைவிட மெதுவாகத் துடைத்தாள். போர்வை விலகினால் அதற்குப் போர்த்திவிட்டு, பிறகுதான் கணவரின் காலுக்குப் போர்த்தினாள். கடையில் ஒரு துணிக்கு இரண்டு நம்பர் தைக்க ஆரம்பித்தாள். யாரும் வாங்க வராத துணிகள் தொங்குகிற கம்பியின் பக்கம் போவதை நிறுத்தினாள். அங்கே ஒரு சாம்பல் நிறக் கோட்டு, வலது கை நேராகவும் இடது கை சற்று மடங்கியும் தொங்கிக்கொண்டிருந்தது.

"என்னக்கா, உனக்கே நம்பர் தச்சுக்கணும் போல இருக்கே?" என்றார் முதலாளி. அவள் கையிலிருந்த சட்டைக்கு இரண்டாவது நம்பரைத் தைத்தாள். அதைப் பார்த்த முதலாளி அன்றைக்கு வேறு யாரையும் கிண்டல் செய்யவில்லை.

*

கடைசியில் உறையை எடுத்துக்கொண்டு டாக்டரிடமே போனாள். முழுவதும் சொன்னாள், தரை, துடைப்பம், ஜன்னல், எல்லாம். டாக்டர் கடைசிவரை கேட்டார்.

"நீங்க மாத்தினதால உங்க வீட்டுக்காரருக்குப் போட்டுட்டோம்னா நினைக்கிறீங்க?"

"படம்தான் சொல்லணும்னு நீங்கதானே சொன்னீங்க."

"அந்தப் படம் இங்கம்மா" என்று கம்ப்யூட்டரைத் தன் பக்கமிருந்து அவள் பக்கம் திருப்பினார். "ஃபிலிம் நீங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதுக்காகப் போட்டுக் குடுக்கறது. நாங்க அதத் தொடறதே இல்ல. உங்க கைக்கு அது வர்றதுக்கு முன்னாடியே நாங்க இதப் பாத்தாச்சு. இதான் உங்க வீட்டுக்காரர். பேரு, வயசு பாத்துக்குங்க."

உருக்கி ஊற்றிய மெழுகு. அவள் அன்றைக்கு வேறொருத்தியின் கையில் பார்த்துப் பரிதாபப்பட்டது.

"இது வந்த உடனே எடுத்தது. இது அப்புறம் எடுத்தது" என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "ஒரே அளவு. வளரல. பெருசுதான், ஆனா ஓரமா, குழாய் போகக்கூடிய பாதையில இருந்துது. அதனால இறங்கினோம்."

அவள் மடியிலிருந்த ஃபிலிமைத் தொட்டாள். "அப்ப இது? இவ்வளவு சின்னதா இருக்கே?"

"இன்னொருத்தரப் பத்தி நான் உங்ககிட்ட பேசக்கூடாதும்மா." கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "பொதுவாச் சொல்றேன். சின்னதா இருந்தாலும் ரொம்ப ஆழத்துல இருக்கும் சிலருக்கு. அங்க போற வழியில இருக்கறதெல்லாம் வேணுங்கறது. மருந்து ஏத்திப் படம் எடுத்தா, வெள்ளைக்குள்ள இன்னும் வெள்ளையா ஒரு புள்ளி தெரியும். கசிஞ்சுக்கிட்டே இருக்குன்னு அர்த்தம். மறு ஸ்கேன்ல அது ரெண்டு பங்கா ஆகியிருக்கும். எங்களால மருந்து குடுத்துப் பாத்துக்கிட்டே இருக்கத்தான் முடியும்."

எழுந்து வரும்போது அவளுக்குக் கால் லேசாகத்தான் இருந்தது. தான் யாருடையதையும் எடுத்து யாருக்கும் கொடுக்கவில்லை. லிஃப்டில் இறங்கும்போது கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மிச்சமிருந்தது ஒரே வேலை. ஃபிலிமை உரியவரிடம் சேர்த்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். அந்தக் கையும் ஒருவேளை வீட்டுக்காரருக்கே திரும்பி வந்துவிடும்.

*

டிரைவிங் ஸ்கூல் மூடிக் கிடந்தது. வாசலில் இரண்டு பிரேக் வைத்த பழைய கார், டயர் இறங்கி நின்றது. மாடியில் மாஸ்டர் வீட்டம்மா கதவைத் திறந்து, ஒரு கணம் அடையாளம் தேடி, "தங்கச்சி!" என்று கட்டிக்கொண்டாள். இளைத்துப் போயிருந்தாள்.

உள்ளே நுழைந்ததும் நம்பரக்கா நின்றுவிட்டாள். தெருவைப் பார்த்த ஜன்னல் கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டியிருந்தது. நாலு மூலையிலும் டேப். பின்னாலிருந்து வெயில் அடித்து, அந்த மெழுகு வெள்ளை அறை முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தது. அவளுடைய கணவரின் தலை.

"பயந்துட்டியா? எல்லாரும் பயப்படறாங்க" என்றாள் மாஸ்டர் வீட்டம்மா. "அத எடுத்துடும்மான்னு சொல்றாங்க. நான் எடுக்கமாட்டேன். அது இல்லன்னா என்ன இந்த வீட்டுலயே இருக்க விட்டிருக்க மாட்டாங்க."

"ஏன்க்கா?"

"காலைல தலைவலின்னாரு. நான்தான், எல்லாம் சரியாப் போயிடும், புள்ளைங்க கத்துக்க வந்து நிக்குதுன்னு அனுப்பி வச்சேன். சாவு வீட்டுலயே அவரு தங்கச்சி கேட்டுட்டா, உடனே கூட்டிட்டுப் போயிருந்தா எங்க அண்ணன் இருந்திருப்பாரேன்னு. அவ்வளவு பெரிய கூட்டத்துல. நான் பேசல. நேரா இந்தப் படத்த எடுத்துட்டு வந்து வெளிச்சத்துல புடிச்சேன். பாருடி, எவ்வளவு பெருசு பாருடி, கடவுளே வந்தாலும் என்ன பண்ணியிருக்க முடியும்னேன். வாய மூடிக்கிட்டா." அவள் ஜன்னலருகே போய், தூசி படிந்ததுபோல ஃபிலிமைப் புறங்கையால் துடைத்தாள். "எனக்கே சில நாள் காலைல எழுந்ததும் அந்தக் கேள்வி வரும். வந்து இதப் பாப்பேன். அப்புறம் பல் தேய்க்கப் போவேன்."

பெயரும் வயதும் ஃபிலிமின் மூலையில் டேப்புக்குக் கீழே இருந்தன. டேப் மஞ்சளாகிவிட்டிருந்தது.

நம்பரக்காவின் பை மடியில் இருந்தது. உள்ளே உறை. உறைக்குள் பயறு அளவு வெள்ளை. அதை எடுத்து வைத்தால், இந்த அம்மாள் முதலில் பார்க்கப்போவது அந்த அளவைத்தான். ஆழம், புள்ளி, பாதை எதுவும் அந்த ஜன்னலில் தெரியாது. டாக்டர் சொன்னதை எல்லாம் தான் சொல்லலாம்; இந்த அம்மாளும் கேட்டுக்கொள்வாள். நாளைக்குக் காலையில் எழுந்ததும் சின்னதுதான் தெரியும்.

"உங்க வீட்டுக்காரருக்குச் சின்னதா இருந்துது, இல்ல? நடக்கறாரா?" என்றாள் மாஸ்டர் வீட்டம்மா.

"நடக்கறாருக்கா. கைதான் இன்னும் வரல."

"எந்தக் கை?"

"இடது."

"இவருக்கும் அதேதான்" என்றாள் அவள். "வார்டுல கட்டில் திரைக்கு இந்தப் பக்கம் நின்னு தொண்டை கிழியக் கத்தினேனே, உனக்குக் கேட்டிருக்குமே. ஸ்டியரிங்கப் புடிங்க மாஸ்டர், இடது கையால புடிங்க, கைய விட்டுடாதீங்கன்னு. புடிக்கவே இல்ல."

அன்றைக்குத் திரைக்கு அந்தப் பக்கம் மெக்கானிக் கண் மூடிப் படுத்திருந்தார். கை வந்த வழி அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததால் அது போய்விடும் என்று தோன்றவில்லை.

"என்ன பையில? ஏதாவது குடுக்க வந்தியா?"

"இல்லக்கா. துணி. கடைக்குப் போகணும்" என்று நம்பரக்கா எழுந்தாள். வாசல்வரை வந்து திரும்பிப் பார்த்தாள். ஜன்னலில் தன் கணவரின் தலை ஒளிர்ந்துகொண்டிருந்தது, செத்துப்போன மாஸ்டருடையதாக.

அன்றே கடையில், யாரும் வாங்க வராத துணிகளின் கம்பிக்குப் போனாள். சாம்பல் கோட்டின் பொத்தான்களைக் கழற்றி, உறையை உள்ளே வைத்து, திரும்பப் பூட்டினாள். நம்பர் எதுவும் தைக்கவில்லை.

வீட்டில் மெக்கானிக் விழித்திருந்தார். அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டார். "மாஸ்டர் வீட்டுக்குப் போனியாமே? உன் பொண்ணு சொன்னா. என்ன சொன்னாங்க? எடுத்துக்கறாங்களா?"

"இல்ல. நம்மகிட்டயே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

அவர் யோசித்தார். நியாயமாகத்தான் பட்டது போலிருந்தது. "அப்ப ஒழுங்கா பாத்துக்கணும். அடுத்தவங்க பொருளு."

நகவெட்டியை எடுத்துக்கொண்டு அவள் இடது பக்கம் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். கை கனமாக, குளிர்ந்து, அவள் மடியில் கிடந்தது. நகங்கள் வளர்ந்திருந்தன. கட்டை விரலிலிருந்து தொடங்கினாள்.

"பாத்து" என்றார் மெக்கானிக், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. "அவருக்கு வலிக்கப் போகுது."

"பாத்துத்தாங்க வெட்டறேன்" என்றாள் அவள்.